மேல் எது, கீழ் எது? கார்பேத்திய ஃபிளிஷ் பாறைகள்: கேள்வி பதில்

தெற்குப் போலந்தின் வெளிக் கார்பேத்திய மலைகள் கிட்டத்தட்ட முழுவதும் ஃபிளிஷ் பாறைகளால் ஆனவை. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃபிளிஷ் என்பது தனி ஒரு பாறை வகையா சார்?

இல்லை. மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிக்கொண்டே போகும் பெரும் படிவத் தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். கார்பேத்தியனில் இது ஜுராசிக் காலத்தின் இறுதியிலிருந்து (சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்) மயோசீன் காலத்தின் தொடக்கம் வரை (சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆழ்கடலில் படிந்தது. கண்டத்தின் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச் சரிவில் சேர்ந்த மணலும் சேறும் திடீரெனச் சரிந்து, கலங்கல் நீரோட்டமாகக் கடலடிக்குப் பாயும். முதலில் மணல் படியும், பிறகு வண்டல், கடைசியில் களி. அடுத்த ஓட்டம் வரும்வரை அமைதி.

இப்படி ஓர் ஓட்டம் என்ன செய்யும் என்பதற்கு 1929 நவம்பர் 18 நல்ல சான்று. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்தபின், கடலடித் தந்திக் கம்பிகள் சரிவில் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அறுந்த நேரங்களை வைத்தே பின்னாளில் ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

கேள்வி: ஓடைக்கரையில் அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. எந்தப் பக்கம் மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிளிஷில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு விடை இல்லாமல் வரையும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

மணற்கல் அடுக்கைக் குறுக்காகப் பாருங்கள். பருமணல் உள்ள பக்கம் அடி, நுண்மணலாகிக் களியில் கரையும் பக்கம் மேல். அடுத்து, களியிலிருந்து பிரிந்து நிற்கும் மணற்கல்லின் பரப்பைத் தடவிப் பாருங்கள். ஓட்டம் களித்தரையைக் குடைந்த பள்ளங்களில் மணல் நிரம்பி, புடைப்புகளாக நிற்கும். அவை இருப்பது எப்போதும் அடுக்கின் அடிப்பக்கத்தில். புடைப்பின் தடித்த, மழுங்கிய முனை ஓட்டம் வந்த திசையையும் காட்டும். ஆனால் சாய்ந்த அடுக்கை மனத்தளவில் கிடையாக்கிய பிறகே அந்தத் திசையைக் குறிக்க வேண்டும். இந்த அடித்தடங்களைப் பற்றிய ஆய்வில் போலந்துப் புவியியலாளர் ஸ்டானிஸ்லாவ் ஜுவின்ஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே அடுக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு அடுக்குகள் ஒரே பதிலைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலையைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரே பாறை வரிசை மூன்று முறை வருகிறது. மடிப்பா, பிளவா?

மேலே சொன்ன குறி இங்கேதான் உதவும். மூன்று இடத்திலும் 'மேல்' ஒரே திசையில் இருந்தால், உந்துபிளவுகள் (ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின்மேல் தள்ளி ஏற்றப்படும் பிளவுகள்) அதே வரிசையைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்திருக்கின்றன. 'மேல்' மாறி மாறி எதிர்த்திசை காட்டினால், இறுக்கமான மடிப்பு. மடிப்பின் இரு பக்கங்களும் இணையாகச் சாய்ந்திருந்தால் சாய்வுக் கோணம் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: ஆழ்துளையிட்டால் பழைய பாறைக்குக் கீழே இளைய பாறை வருகிறதாமே, எப்படி ஐயா?

தெற்கிலிருந்து வந்த அழுத்தத்தில் ஃபிளிஷ் தன் பழைய அடித்தளத்திலிருந்து பெயர்ந்து, பெரும் பாறைத் தகடுகளாக வடக்கே தள்ளப்பட்டது. மகூரா, டுக்லா, சைலீசிய, கீழ்-சைலீசிய, ஸ்கோலே என்று தெற்கிலிருந்து வடக்காக வரும் அவை ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து மலைக்கு முன்னிருந்த மயோசீன் படிவுகளின்மேல் ஏறியதால்தான் துளையில் வரிசை தலைகீழாகத் தெரிகிறது. ம்ஷானா டோல்னா ஊரைச் சுற்றி, அரிப்பு மகூராத் தகட்டைத் துளைத்து அடியிலுள்ள பாறையை வெளிக்காட்டுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: ஒரே மாதிரித் தெரியும் பாறை எல்லா இடத்திலும் ஒரே வயதுதானே?

கிடையாது! கரிய மெனிலைட் களிப்பாறைக்கு மேல் சாம்பல் நிற க்ரோஸ்னோ அடுக்குகள் வரும். இந்த எல்லையை ஒரே காலக்கோடாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் நுண்ணுயிர் ஓடுகளால் ஆன மெல்லிய யாஸ்வோ சுண்ணக்கல், பரந்த பகுதியில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் படிந்தது. தெற்கே அது க்ரோஸ்னோ அடுக்குக்குள் இருக்கிறது. வடக்கே போனால் மெனிலைட்டுக்குள் இருக்கிறது. அப்படியானால் பாறை எல்லைதான் காலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. விரல் பருமனுள்ள ஒரு கல் இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்ப்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: பெரிய புதைபடிவங்கள் அரிது என்கிறார்கள். வயதை எதை வைத்துச் சொல்வது?

களிப்பாறையில் உள்ள ஃபொராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச்செல் கடலுயிரிகள்), நுண்மிதவைகள் ஆகியவற்றின் ஓடுகளை வைத்து. போலந்துப் புவியியலாளர் யூசெஃப் க்ஷிபோவ்ஸ்கி 1890களிலேயே எண்ணெய் வயல் பாறைகளை ஃபொராமினிஃபெராவைக் கொண்டு ஒப்பிட்டார். மணற்கல்லில் கிடைப்பதை மட்டும் எச்சரிக்கையோடு எடுங்கள். பழைய பாறையிலிருந்து அரித்து வந்ததாக இருக்கலாம்.

கேள்வி: அவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி, இன்று இல்லாத நிலத்திலிருந்து. படுகைகளுக்கு நடுவே சைலீசிய மேடு என்ற ஒன்று இருந்தது. அதன் கிரானைட்டும் நைஸ் என்ற உருமாறிய பாறையும் நிலக்கரித் துண்டுகளும் ஃபிளிஷுக்குள் கூழாங்கற்களாகக் கிடைக்கின்றன. மேடு தகடுகளுக்கு அடியில் போய்விட்டது.

கேள்வி: எண்ணெய் இருக்கிறதா?

உண்டு. எண்ணெய்த் தொழிலின் முன்னோடி இக்னாட்சி வுகாஷெவிச் 1854இல் போப்ர்கா என்ற ஊரில் எண்ணெய்க் கிணறு தொடங்கினார். மெனிலைட் களிப்பாறைதான் எண்ணெய் உருவாகும் தாய்ப்பாறை. மணற்கல் அந்த எண்ணெயைத் தேக்கும்.

கேள்வி: அங்கே வீடு கட்டலாமா?

அடுக்குகள் மலைச்சரிவின் பக்கமே சாய்ந்திருந்தால் வேண்டாம். நீர் மணற்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள களியை வழுக்கலாக்கும். 2010 மே, ஜூன் மழையில் கார்பேத்தியச் சரிவுகள் பல இடங்களில் சரிந்து வீடுகள் உடைந்தன. மனை வாங்கும் முன் நிலச்சரிவு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அருகே சாய்ந்து வளைந்த மரங்கள் இருந்தால், வரைபடத்தில் குறிக்காவிட்டாலும் அந்த மனையை விட்டுவிடுங்கள்.