கால் வலிக்கு வேர் முதுகில்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மூன்று வாரமாக வலது பிட்டத்திலிருந்து பெருவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி. தும்மினால் துடிக்கிறார். வாயு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டோம், குறையவில்லை.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, இது வாயு இல்லை. பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பின் வேர்கள் அடிமுதுகில் இருக்கின்றன. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி ஒரு வேரை அழுத்தினால், அந்த நரம்பு போகும் பாதை முழுக்க வலிக்கும். தும்மும்போதும் முக்கும்போதும் அழுத்தம் ஏறுவதால் வலி பாய்கிறது. 15, 20 கிலோ குலையைக் குனிந்தவாறே தூக்கி, இடுப்பைத் திருப்பி வண்டியில் போடுவது கடைசி இரண்டு ஜவ்வுகளுக்கும் பெரும் பாரம்.

எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். பெருவிரலும் புறங்காலும் மரத்து, குதிகாலால் நடக்க முடியாவிட்டால் அழுத்தப்படுவது இடுப்பின் ஐந்தாம் நரம்பு வேர். சுண்டுவிரல் பக்கம் மரத்து, நுனிக்காலில் எம்ப முடியாவிட்டால் அதற்கடுத்த வேர். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முட்டிக்குக் கீழே பாய்ந்தால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரேயில் ஜவ்வும் நரம்பும் தெரியாது.

முதுகை மிதிப்பது, சொடக்கு எடுப்பது இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்கவும் வேண்டாம், மெதுவாக நடக்கட்டும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடும். அதுவரை குலை தூக்கக் கூடாது. கிளினிக்கில் லைட் டியூட்டி கடிதம் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவது இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தெரியாமலே ஒழுகினாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் அன்றே காட்ட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சிறிது தூரம் நடந்தாலே இரு கால்களும் கடுக்கின்றன. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் நன்றாக நடக்கிறார். ஏன்?
- வாசகர், பீடோர்

பதில்: முதுகுத்தண்டின் கால்வாய் வயதால் குறுகியிருக்கலாம். முன்பக்கம் சாயும்போது அது சற்று விரிவதால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. சாயாமல், வெறுமனே நின்றாலே வலி போய்விடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் காலின் இரத்தக் குழாய் அடைப்பையும் சோதிக்க வேண்டும், இனிப்புநீர் உள்ளவர் என்றால் கட்டாயமாக.