வேதம் கேள்வி பதில்

கேள்வி: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" (நீதிமொழிகள் 22:6). சண்டே ஸ்கூல், குடும்ப ஜெபம், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் என் மகன் இப்போது ஆலயப் பக்கமே வருவதில்லை. என் வளர்ப்பு தப்பா, வசனம் பொய்யா?

பதில்: இரண்டும் இல்லை, சகோதரி. வாழ்க்கை பெரும்பாலும் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பழகியவர்கள் நறுக்கென்று சொன்னவைதான் நீதிமொழிகள். அதைக் கையெழுத்துப் போட்ட பத்திரம்போல நீட்டக் கூடாது. 26ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடாதே என்கிறது 4ஆம் வசனம். கொடு என்கிறது 5ஆம் வசனம்! தொகுத்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எந்த மூடன், எந்த நேரம் என்று பார்த்து முடிவு செய்வதை நம்மிடமே விட்டிருக்கிறார்.

பிள்ளை வளர்ப்பிலும் அப்படித்தான். ஞானமுள்ள மகன் தகப்பன் சொல்லைக் கேட்பான், பரியாசக்காரன் கடிந்துகொள்ளுதலுக்குச் செவிகொடான் என்று 13:1 சொல்கிறது. கேட்பதும் கேட்காததும் பிள்ளையின் கையில் இருப்பது அந்தப் புத்தகத்துக்கே தெரியும். 22:6ஐக் காட்டி யாராவது உங்களைக் குத்தினால், இதை எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் பிரசங்கி புத்தகத்தையும் வாசியுங்கள். துன்மார்க்கரின் வருஷங்கள் குறுகிப்போகும் என்கிறது நீதிமொழிகள் 10:27. பிரசங்கி 7:15 என்ன சொல்கிறது? நீதிமான் கெட்டுப்போவதையும் பாவி நீடித்திருப்பதையும் கண்டேன் என்கிறது. இந்த இரண்டையும் ஒரே வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி: யோபுவின் நடு அதிகாரங்கள் சலிப்பாக இருக்கின்றன. முதலும் முடிவும் போதாதா?

பதில்: போதாது. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (8:7) என்று நாம் ஆசையாகச் சொல்கிறோமே, அது யோபுவின் நண்பர்களில் ஒருவனான பில்தாத் பேசியது. அதற்குச் சற்று முன்புதான், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனான யோபுவிடம், அவர்கள் செய்த பாவத்தின் பலன் அது என்ற தொனியில் பேசுகிறான். யோபுவின் நண்பர்கள் தம்மைப் பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7இல் கர்த்தரே கோபிக்கிறார். ஆகவே அதிகாரத்துக்கு அதிகாரம், பேசுவது யார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நண்பர் ஒருவரின் பேச்சும் யோபுவின் மறுமொழியும் போதும். 32ஆம் அதிகாரத்தில் பேசத் தொடங்கும் எலிகூ என்ற இளைஞர் 37 வரை விடமாட்டார். களைப்பாக இருந்தால், கர்த்தரே பேசத் தொடங்கும் 38க்கு நேரே போய்விட்டு, பிறகு அவரிடம் திரும்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.