10 வாட் நிலையம் என் வீட்டில் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: டொராண்டோ ஸ்கார்பரோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். டெக்சன் பிஎல்-330 வானொலி வைத்திருக்கிறேன். சிற்றலையில், 6925 கிலோஹெர்ட்ஸில், அமெரிக்காவிலிருந்து உரிமம் இல்லாத நிலையங்கள் பத்து, இருபது வாட்டில் பாட்டுப் போடுவதாகவும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் கேட்பதாகவும் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு வெறும் இரைச்சல்தான். பெரிய ஏரியல் வாங்க வேண்டுமா? அப்புறம், நானும் 5 வாட்டில் வார இறுதிகளில் தமிழ்ப் பாட்டு ஒலிபரப்பினால் சிக்கல் வருமா?

பதில்: இப்போதைக்கு ஏரியலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் வானொலி இந்த வேலைக்குப் போதும். சிக்கல் நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். பெரிய சர்வதேச நிலையம் ஒன்று 100 கிலோவாட்டில் ஒலிபரப்புகிறது, நீங்கள் தேடும் நிலையம் 10 வாட்டில். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது 40 டெசிபெல் (ஒவ்வொரு 10 டெசிபெலும் பத்து மடங்கு). பெரிய நிலையம் உங்கள் வீட்டு இரைச்சலைவிட 30 டெசிபெல் மேலே நின்றால் அருமையாகக் கேட்கும். ஆனால் அதே தூரத்தில், அதே மாதிரி ஏரியலோடு இருக்கும் 10 வாட் நிலையம் இரைச்சலுக்கு 10 டெசிபெல் கீழே புதைந்து கிடக்கும். சிக்னல் உங்கள் ஏரியல் வரை வந்துவிட்டது, காதுக்குத்தான் எட்டவில்லை. ஏரியலைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

இரைச்சலைக் குறைத்தால் என்ன கிடைக்கும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில் மனிதர் உண்டாக்கும் மின் இரைச்சலுக்கு அளவுகள் தந்திருக்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நகரத்துக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் சுமார் 24 டெசிபெல் வித்தியாசம் வருகிறது. 250 மடங்கு! நாட்டுப்புறத்தில் 10 வாட் நிலையம் கேட்கும் அதே தெளிவு நகரத்தில் வேண்டுமென்றால், அந்த நிலையம் 2500 வாட்டில் ஒலிபரப்ப வேண்டும். உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யல்ல, அவர்கள் வேறு இடத்திலிருந்து கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் வீட்டுக்குள் ஒரு சோதனை. வானொலியை பேட்டரியில் ஓடவிட்டு 6925-இல் வையுங்கள். மெயின் பிரேக்கரை அணையுங்கள். இரைச்சல் சட்டென இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான்: எல்இடி பல்பு, போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், ரவுட்டரின் பவர் சப்ளை. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். அதன் வயரில் ஃபெரைட் வளையத்தை (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டலாம், அல்லது கேட்கும் நேரத்தில் பிடுங்கி வைத்துவிடலாம். அணைத்தும் இரைச்சல் இறங்கவில்லை என்றால் அது பக்கத்து வீடுகளிலிருந்தும் லிஃப்ட் மோட்டாரிலிருந்தும் வருகிறது. அதை நீங்கள் நிறுத்த முடியாது. சன்னலோரம் ஒரு சிறிய லூப் (வளைய வடிவ) ஏரியலை வைத்துத் திருப்பித் திருப்பி, இரைச்சல் குறையும் திசையில் நிறுத்துவது ஓரளவு உதவும். அறையைச் சுற்றி நீளமாக வயர் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். கம்பி வைத்த கான்கிரீட் சுவர் வெளிச் சிக்னலை மறைக்கும், உள்ளே உள்ள இரைச்சலை அந்த வயர் அள்ளிக்கொண்டு வரும்.

இவ்வளவும் செய்வதைவிட வானொலியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது மேல் என்பேன். பத்து மீட்டர் வயரை ஒரு மரக்கிளையில் போட்டு, மறுமுனையை ஏரியல் குழியில் செருகுங்கள். மின்கம்பி, தெருவிளக்கு இரண்டிலிருந்தும் தள்ளி உட்காருங்கள். செலவே இல்லாத இந்த வழிக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

நேரமும் முக்கியம். சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புவது வானில் உயரே இருக்கும் அயனமண்டலம். பகலில் அதன் கீழடுக்கு இந்த அதிர்வெண்ணை விழுங்கும். இருட்டியபின் அந்த விழுங்கல் குறையும், ஆனால் குளிர்காலத்தில் மேலடுக்கும் சீக்கிரம் வலுவிழப்பதால் அருகிலுள்ள நிலையங்கள் தலைக்கு மேலே தாவிப் போய்விடும். அதனால் சூரியன் மறைவதற்கு ஒன்றிரண்டு மணி முன்னும் பின்னும் கேளுங்கள். கோடையில் இடிமின்னல் கரகரப்பு அதிகம், குளிர்காலமே நல்லது. இந்த நிலையங்கள் நிகழ்ச்சி நிரல் போட்டு வருவதில்லை. வார இறுதி மாலைகள், ஹாலோவீன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகியவை நல்ல வாய்ப்பு. 6925-இல் மட்டும் நிற்காமல் 6850 முதல் 6970 வரை தேடுங்கள்.

பலர் யுஎஸ்பி முறையில் ஒலிபரப்புகிறார்கள். இது கணினியின் யுஎஸ்பி அல்ல; எஸ்எஸ்பி எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பில் மேல் பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் முறை. உங்கள் வானொலியில் எஸ்எஸ்பி பொத்தானை அழுத்தி யுஎஸ்பியில் வைக்காவிட்டால் பாட்டு உளறலாகத்தான் கேட்கும். சரி, ஏஎம் நிலையம் என்றால்? அப்போதும் எஸ்எஸ்பி உதவும். ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்தால், பேச்சே கேட்காத பலவீனமான நிலையத்தின் கேரியர்கூட (பாட்டைச் சுமந்து வரும் அடிப்படை அலை) ஒரே சீரான விசிலாகக் கேட்கும். மெதுவாக நகர்த்தி அந்த விசிலின் சுருதி இறங்கி மறையும் இடத்தில் நிறுத்துங்கள். ஏஎம்மில் கேட்காத பாட்டு அங்கே கேட்கக்கூடும்.

நிலையம் இப்போது ஒலிபரப்பில் இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். பலர் தங்கள் ரிசீவர்களை இணையத்தில் பகிரும் கிவி எஸ்டிஆர் வலையமைப்பில் அமெரிக்கக் கிழக்குக் கரை ரிசீவர் ஒன்றை இணையத்தில் திறந்து 6925-ஐப் பாருங்கள். அங்கே கேட்டு, உங்களிடம் கேட்கவில்லை என்றால் மறுபடி இரைச்சலை நோக்கிப் போங்கள். வுல்வரின் ரேடியோ போன்ற சில நிலையங்கள் முடிவில் எஸ்எஸ்டிவி முறையில், அதாவது ஒலியாக மாற்றி, படமும் அனுப்பும். அதை வண்ண அட்டை போலச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. போனில் ரோபாட்36 செயலியைத் திறந்து ஸ்பீக்கர் அருகே வைத்தால் படம் விரியும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். கனடாவில் வானொலித் தொடர்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது, 5 வாட் என்பதால் விலக்குக் கிடையாது. அமெரிக்காவில் 2020-இல் வந்த சட்டம் நாளுக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் வைத்தது. அது மத்திய அலை, எஃப்எம் ஆகியவற்றுக்கானது என்பதால் சிற்றலை தப்பிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் அங்கே இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாத சிற்றலை ஒலிபரப்பு அதன்படி குற்றமே.

ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுக்கலாமே என்று தோன்றும். கனடாவின் அடிப்படைத் தேர்வில் 100 கேள்விகள். 80 சதவீதம் எடுத்தால் சிற்றலையிலும் பேசலாம். பேசத்தான் முடியும், பாட்டுப் போட அனுமதி இல்லை.

பாட்டுத்தான் ஆசை என்றால் உரிமம் உள்ள சிற்றலை நிலையத்தில் நேரம் வாங்குங்கள். ஃப்ளோரிடாவின் டபிள்யூஆர்எம்ஐ, மெய்ன் மாநிலத்தின் டபிள்யூபிசிக்யூ இரண்டுமே நேரம் விற்கின்றன. டபிள்யூபிசிக்யூவை 1998-இல் தொடங்கிய ஆலன் வைனர், 1987-இல் நியூயார்க் கடலோரத்தில் சாரா என்ற கப்பலிலிருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பி, சில நாட்களிலேயே கடலோரக் காவல்படையினர் ஏறி நிறுத்தியதைப் பார்த்தவர். முதலில் அரை மணி நேரம் வாங்கி, அந்த நிகழ்ச்சியை உங்கள் வானொலியிலேயே ஏரிக்கரையில் கேட்டுப் பாருங்கள்.