லொறி போட்டதா, ஓட விட்டதா?

கேள்வி: 2018இல் கந்தப்பளையில் தங்கச்சியின் கணவரோடு சேர்ந்து மரக்கறி வியாபாரம் தொடங்கினேன். மச்சான் 18 இலட்சம் காசு போட்டார். நான் என் லொறியைப் போட்டேன். இலாபம் பாதிப் பாதி. ஒப்பந்தம் எழுதவில்லை, கொப்பியில் ‘லொறி 22 இலட்சம்’ என்று மட்டும் குறித்தோம். இரவிரவாகத் தம்புள்ளைக்கு ஓடியது நான். இப்போது பிரிகிறோம். லொறி 45 இலட்சம் போகும். அதில் தனக்கும் பங்கு என்கிறார். தங்கச்சி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: தம்புள்ளைக்கு ஓடிய இரவுகளுக்குச் சம்பளம் பேசியிராவிட்டால், சட்டத்தில் அதற்குக் கூலி இல்லை. தங்கச்சியின் கோபம் என் வேலை அல்ல. லொறியைக் கடைக்கே, அதாவது கூட்டு வியாபாரத்துக்கே, கொடுத்தீர்களா, ஓட மட்டும் விட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்.

கொடுத்திருந்தால், உங்கள் மூலதனக் கணக்கில் நிற்பது அன்றைய 22 இலட்சம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் ஏறிய விலை இருவருக்கும் பொது. ஓட மட்டும் விட்டிருந்தால் 45உம் உங்களுடையது. ஆனால் 22 இலட்சம் மூலதனம் என்று வாய் திறக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

ஒருவர் என்னிடம் வருமுன்பே பங்காளிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்: ‘நான் மூலதனமாகப் போட்ட வாகனத்தின் இன்றைய பெறுமதியைத் தா.’ கீழே கையெழுத்து. வாகனம் தன்னுடையது அல்ல என்று அவரே எழுதிக்கொடுத்த மாதிரி. நீங்கள் கடிதம், வாட்ஸ்அப் எதுவும் அனுப்பாதீர்கள். சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகத்தில்) உங்கள் பெயர் இருப்பதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். வருமான வரிக்கு உங்கள் கணக்காளர் செய்த ஐந்தொகையை, அதாவது கடையின் சொத்தும் கடனும் காட்டும் கணக்கை, எடுத்துப் பாருங்கள். அதில் லொறியைக் கடைச் சொத்தாகக் காட்டி, வருடாவருடம் பழசாவதற்கான தேய்வு கழித்து, அடியில் நீங்களும் கையெழுத்து வைத்திருந்தால், மச்சானுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொன்று. மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தோடு எழுத்தில் இருக்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், 18ஆம் பிரிவு. இன்று ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மூட்டை கரட்கூட வராது, தொகை மட்டும் அப்படியே கிடக்கிறது. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ச் சான்றிதழ் ஒப்பந்தம் ஆகாது. ஆகவே கணக்குக் கேட்டு நீங்கள் போகும் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். அவர் போனாலும் அதே கதிதான். உங்களுக்குக் கடன் கொடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை. உரக்கடையில் பாக்கி இருந்தால், கடைக்காரர் உங்கள் இருவர் மேலும் வழக்குப் போடலாம்.

சமாதானமாகப் போங்கள். லொறி கடையுடையது என்றே வைத்தாலும் ஏறிய 23இல் மச்சானின் பாதி பதினொன்றரை இலட்சம். அவருடைய 18 வேறு கணக்கு. இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது, பழைய லொறிக்கு இதே விலை நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். லொறிக்காக மச்சானுக்கு ஐந்து ஆறு இலட்சத்துக்குள் கொடுப்பதாகப் பேசி முடியுங்கள். முடிக்கும்போதாவது எழுதுங்கள்: லொறி யாருக்கு, உரக்கடைக் கடன் யார் தலையில், வியாபாரப் பெயரை எந்தத் திகதியில் இரத்துச் செய்வது.