அணை மீன் எல்லாம் ஆற்று மீனா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பவானிசாகர் மீன் என்று கேட்டு வாங்கினாலும் கட்லா, ரோகு, மிர்கால்தான் கிடைக்கிறது. தாத்தா பிடித்த சேல்கெண்டையெல்லாம் எங்கேங்க போச்சு? (சத்தியமங்கலம்)

நீங்கள் வாங்குவது பவானித் தண்ணீரில் வளர்ந்த மீன்தான். ஆனால் பவானியின் மீன் இல்லை. ரோகுவும் மிர்காலும் கங்கைப் பக்கத்து மீன்கள். கட்லாவும் வடக்கிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டதே. குஞ்சு வாங்கி அணையில் விட்டு வளர்க்கிறார்கள். சீக்கிரம் எடை போடும், வியாபாரிக்கும் வசதி.

நம் ஆற்றுக்கே உரியவை சேல்கெண்டை, வெண்கெண்டை, கருமணிக் கெண்டை. இதில் கருமணி காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. நீலகிரி அடிவாரத்து ஆறுகளின் மீன்களைப் பற்றி மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1867-லேயே எழுதியிருக்கிறார். பவானியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு கெண்டை உண்டு: 'பொவானிக்கஸ்'. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அதைத் தெரியும்?

இந்தக் கெண்டைகள் புதுத்தண்ணி வந்ததும் சினையோடு எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிடுகிறவை. நடுவில் சுவர் நின்றால் ஏற வழியில்லை. அணை வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஏறச் சொல்லும் அந்தப் புதுத்தண்ணியே வருவதில்லை. இதோடு முள் அதிகம் என்று நாமும் வாங்காமல் ஒதுக்கினோம்.

அடுத்த முறை கூடையில் கலந்து கிடந்தால் வாயைப் பாருங்கள். சேல்கெண்டையின் உதட்டோரம் புடவைக் குஞ்சம்போலப் பிசிறு பிசிறாக இருக்கும்.

தூண்டிலில் மூன்று கிலோ கெளுத்தி மாட்டியது. ஆற்று உயிராச்சே என்று திரும்ப விட்டுவிட்டேன். சரிதானே? (ஈரோடு)

மனசு சரி, மீன் எதுவென்று பார்த்தீர்களா? நாட்டுக் கெளுத்திக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகில் வாலுக்கு முன்னால் முள்ளே இல்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று தனியாக இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு வால் உருண்டை. முதுகுத் துடுப்பு கழுத்துக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் ஒரே நீளமாக ஓடும். மூன்று கிலோ என்கிறீர்கள், வால் உருண்டையாக இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை வளர்க்க 2000-லேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று; பண்ணையிலிருந்து தப்பியதுதான் ஆற்றில் பெருகியிருக்கிறது. நாட்டு மீன் குஞ்சு, தவளை, எதையும் விடாது. மாட்டினால் திரும்ப விடாதீர்கள். ஜிலேபி மீனுக்கும் (திலாப்பியா) இதே பதில். அதுவும் 1952-ல் வெளியிலிருந்து வந்ததுதான். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் ஜெயித்துவிடுகிறது.

திருப்பூருக்குக் கீழே நொய்யலில் மீன் துள்ளுகிறது. ஆறு சுத்தமாகிவிட்டதா? (காங்கயம்)

துள்ளுவது எது என்று பாருங்கள். விரால், ஆப்பிரிக்கக் கெளுத்தி ரெண்டும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். தண்ணீரில் பிராணவாயு செத்திருந்தாலும் அவை சாகாது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீரைத் தேக்கிய கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மீனை நான் சாப்பிட மாட்டேன்.

கொடுமுடியில் முன்பு விலாங்கு நிறையக் கிடைக்குமாம். இப்போது காணோமே? (கரூர்)

விலாங்கு ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும் மீன். குஞ்சுகள்தான் கடலிலிருந்து மேலேறி வர வேண்டும். கல்லணை, முக்கொம்பு, மாயனூர் கதவணை என்று வரிசையாகத் தடுப்பு. ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறக்கூடிய குஞ்சுதான், ஆனாலும் எத்தனை சுவர் ஏறும்? இதைவிடப் பாவம் உல்லம். முட்டையிடவே கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த மீன் அது. 1934-ல் மேட்டூர் அணை வந்து வெள்ளம் அடங்கியதும் அதன் வரத்து விழுந்துவிட்டது.

வெடி போட்டுப் பிடிப்பவர்கள் மீது புகார் கொடுக்க முடியுமா? (அந்தியூர்)

முடியும். தோட்டாவும் விஷமும் 1897-ஆம் வருட மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். போலீஸிலும் மீன்வளத் துறையிலும் எழுதிக் கொடுங்கள்.

விரால் பிடிக்க எந்த இரை? (தாராபுரம்)

உயிருள்ள சின்னத் தவளையோ சின்ன மீனோ போதும். கெண்டைக்கென்றால் ராகிக் களி உருண்டை, மண்புழு, சின்னத் தூண்டில் முள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கரையோரம் தண்ணீர்மேல் செந்நிறமாகக் கொத்தாகக் குஞ்சுகள் கொப்பளித்தால், அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கிறது. கிட்டே வருவதையெல்லாம் அது ஆவேசமாகக் கடிக்கும் என்று தெரிந்தே சிலர் அங்கே தூண்டில் போடுகிறார்கள். காவல் போனால் அந்தக் கொத்து முழுவதும் ஒரே நாளில் ஜிலேபிக்கும் கொக்குக்கும் இரை. அந்த இடத்தை விட்டு நாலு அடி தள்ளிப் போடுங்கள்.