4294967297 பகா எண்ணா? எந்தெந்த வகைகளில் சேரும்?

இல்லை, பகு எண்தான். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் ஃபெர்மா எண் இது (அடுக்கே 1, 2, 4, 8, 16, 32 என்று 2-இன் அடுக்காக இருந்தால், அதோடு 1 கூட்டி வருபவை ஃபெர்மா எண்கள்). பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அந்த எண்ணைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள் என்பதால் வகுத்திகள் மொத்தம் நாலே நாலு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. இந்த எண்ணை 65536² + 1² என்று எழுதலாம், சரி. 62264² + 20449² என்றும் எழுதலாம்! ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக அதிகபட்சம் ஒரே விதத்தில்தான் எழுத முடியும். ஆக, இரண்டாவது விதம் கிடைத்ததுமே, காரணியைத் தேடாமலே விடை தெரிந்துவிடுகிறது.

அப்புறம், இது ஒரு போலிப் பகா எண்ணும்கூட. 2-இன் 4294967296-ஆம் அடுக்கை இதனால் வகுத்தால், பகா எண்ணுக்கு வருவது போலவே மீதி 1 வரும்.