கதை எழுதுற உங்களுக்கு வேலை, வீடுன்னு ஓடுற நாள்ல படிக்க நேரம் எங்க கிடைக்குது?

கேள்வி கேட்டவங்க கீழ இன்னொன்னும் சேத்து கேட்டிருக்கீங்க, கதை எழுதணும்னா நிறைய படிக்கணுமா இல்ல நாலு மனுசங்களோட பழகி வாழ்க்கைய பாக்கணுமா, ரெண்டுல எதுக்கு நேரம் ஒதுக்குறதுன்னு. எனக்கு இந்த ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு பாக்கத் தெரியல, ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நான் சேலம் அம்மாபேட்டை. ரெண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கு, மூணாவதுக்கு எழுதிட்டு இருக்கேன். சோத்துக்கு வேலைன்னா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுறது, தினமும் பஸ்ல போய்ட்டு பஸ்ல வர்றேன். வீட்ல நானும் அம்மாவும் என் பொண்ணும்.

நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க வீடு தறி வீடு. முன் ரூம்ல பாதி இடத்த குழித்தறி, அதாவது தரைல குழி தோண்டி அதுக்குள்ள கால விட்டு மிதிக்கிற தறி, புடிச்சுக்கும், மீதி பாதில தான் நாங்க படுக்கிறது, சாப்பிடுறது, வீட்டுப்பாடம் எழுதுறது எல்லாம். அப்பா நூல் குடுத்து கூலிக்கு நெய்யச் சொல்ற மாஸ்டர் வீவர்கிட்ட இருந்து பாவு, அதான் தறில நீளவாட்டுல போற நூல், வாங்கிட்டு வருவாரு, அம்மாவும் அவரும் மாத்தி மாத்தி நெய்வாங்க, நான் ஸ்கூல் விட்டு வந்தா ராட்டைல தார் சுத்தணும், அதாவது குறுக்கால ஓடுற நூல சின்னக் குச்சில சுத்தணும். அம்மா மூணாவதோட நின்னுட்டாங்க, எழுத்துக் கூட்டி பேரு படிப்பாங்க, கையெழுத்து போடுவாங்க, அவ்வளவுதான். ஆனா கதைன்னா அவங்களுக்கு உசுரு. தெருவுல நாலு வீடு சேந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவோம், எங்க வீட்டுக்கு சனிக்கிழமை வரும், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அடுத்த வீட்டுக்கு குடுத்துடணும். அதுல வர்ற தொடர்கதைய நான் தறிக்குழி ஓரத்துல உக்காந்து சத்தமா படிக்கணும், அம்மா நெய்ஞ்சிக்கிட்டே கேப்பாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும்.

தறி ஓடுற வீட்ல நீங்க இருந்திருக்கீங்களான்னு தெரியல. கயிற இழுத்தா தார் வெச்ச நாடாக்கட்டை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் ஓடும், உடனே பலகைய அடிச்சா ஊடை, அதான் குறுக்கு நூல், போய் சேரும், கீழ கால் மிதிய மாத்தும், இது ஒரு நிமிசத்துல எத்தன தடவ நடக்கும்னு எண்ண முடியாது. அந்த சத்தத்துக்கு மேல என் குரல் கேக்கணும். நீளமான வரி வந்தா பாதிலயே தறி முழுங்கிடும், அம்மா "என்ன சொன்ன, என்ன சொன்ன"ம்பாங்க. அதனால எங்க மூச்சு விடணும், எந்த வார்த்தைய அழுத்தணும்னு நானா கத்துக்கிட்டேன். இழை அறுந்துச்சுன்னா தறி நிக்கும், ரூமே திடீர்னு அமைதியாயிரும், அம்மா குனிஞ்சு, பாவு இழைய தூக்கி இறக்குற விழுதுக்கு நடுவுல விரல விட்டு அறுந்த நுனிய தேடி எடுத்து முறுக்கி பிணைச்சுக்கிட்டே "அதையே இன்னொருக்கா படி கண்ணு"ன்னு சொல்லுவாங்க. அந்த அமைதில ரெண்டாவது தடவ படிக்கிறப்ப அதே வரி வேற மாதிரி இருக்கும். நானே முதல் தடவ கவனிக்காம விட்ட ஒரு வார்த்தை அப்பத்தான் கண்ணுல படும். இன்னைக்கு வரைக்கும் எனக்கு படிக்கிறதுன்னா அந்த ரெண்டாவது தடவ தான். ஒரு புத்தகம் புடிச்சுப் போச்சுன்னா முடிச்ச கையோட திரும்ப முதல் பக்கத்துக்குப் போயிருவேன், புதுசு புதுசா எண்ணிக்கை ஏத்தணும்னு எனக்குத் தோணுனதே இல்ல.

இப்ப வாழ்க்கைய பாக்குறது பத்தி. என் முதல் கதை ஒரு சின்னப் பத்திரிகைல வந்தப்ப எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. கதைல ஒரு நெசவுக்காரப் பொண்ணு, புருசன் வீட்ட விட்டுப் போய்ட்டான், வெளிய ஐப்பசி மழை கொட்டுது, உள்ள அவ தறி சத்தம் நிக்காம கேட்டுக்கிட்டே இருக்கு, இதுதான் கடைசி காட்சி. பத்திரிகைய எடுத்துட்டு வந்து அம்மாவுக்கு முழுசா படிச்சுக் காட்டினேன். நல்லா கேட்டாங்க, அந்தப் பொண்ணுக்காக கண்ணு கூட கலங்குச்சு. அப்புறம் ரொம்ப மெதுவா கேட்டாங்க, "மழைல தறிக்குழில தண்ணி ஊறி நிக்குமே கண்ணு, அவ எங்க காலு வெச்சு நெய்ஞ்சா?"

எனக்கு அப்படியே பேச்சு நின்னு போச்சு. ஏன்னா நான் அந்த வீட்லயே பொறந்து வளந்தவ. மழைக்காலத்துல குழிக்குள்ள தண்ணி ஊறுறத சொம்பால மொண்டு வெளிய ஊத்துனது நான்தான். ஈரக்காத்துல நூல் விறைப்பு போயி தொளதொளன்னு ஆயிரும், கஞ்சி போட்ட பாவு காயாது, பத்து நாள் பதினஞ்சு நாள் வேலை இருக்காது, வேலை இல்லன்னா கூலி இல்ல, கடைல கடன் சொல்லி அரிசி வாங்கிட்டு வர்றதும் நான்தான். எங்க வீட்ல மழைன்னா தறி சத்தம் இல்லாத நாள். நான் படிச்ச கதைங்கள்ல சோகத்துக்குப் பக்கத்துல அழகா ஒரு மழை பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அந்த மழை வந்து என் சொந்த மழைய மூடிருச்சு. படிக்கிறதுக்கு இப்படியும் ஒரு சக்தி இருக்குங்கறது அன்னைக்கு தான் எனக்கு உறைச்சுது. அதுக்காக படிக்கிறத குறைக்கல, இன்னும் சொல்லப்போனா அதுக்கப்புறம் தான் கவனிச்சுப் படிக்க ஆரம்பிச்சேன், இவரு தன் ஊர் மழைய எப்படி எழுதிருக்காரு, அந்த ஊர்ல மழை வந்தா எந்த வேலை நிக்கும், யார் வீட்ல அடுப்பு எரியாதுன்னு பாத்துப் பாத்துப் படிச்சேன்.

அப்படி பாக்க சொல்லிக் குடுத்ததுல எனக்கு முதல் ஆளு கி.ராஜநாராயணன். 1991ல சாகித்ய அகாதமி விருது வாங்குனவரு, பிறவில விவசாயி, முப்பது வயசுக்கு மேல தான் எழுத வந்தாரு. கதை எழுதுனதோட நிக்காம கரிசல் வட்டாரத்து மக்கள் பேசுற சொல்லுங்கள தொகுத்து ஒரு அகராதியே போட்டாரு. அதப் பாத்துட்டு தான் நானும் ஒரு நோட்டு போட்டேன். பாவு, ஊடை, அச்சு, விழுது, தார், படமரம், பாவு பிணைக்கிறது, பாவடின்னு எங்க தெருச் சொல்லு எல்லாம் அதுல எழுதி வெக்கிறேன். பாவடின்னா பாவு விரிச்சு நீட்டுற வெட்டவெளி, சேலத்துல நெசவுக்காரங்க இருக்கிற பக்கமெல்லாம் இந்தப் பேரு இருக்கு, ஆனா இப்ப இருக்கிற புள்ளைங்களுக்கு அது ஒரு இடத்தோட பேரு மட்டும்தான். எங்க வீட்டுத் தறியையும் பிரிச்சு வித்தாச்சு, குழிய மூடி மேல டைல்ஸ் போட்டாச்சு. நோட்டுல இப்ப நாப்பது பக்கம் நிரம்பிருக்கு, சந்தேகம் வந்தா அம்மாகிட்ட தான் கேக்குறேன்.

சரி நேரத்துக்கு வர்றேன், அதுதான நீங்க கேட்டது. எனக்கு படிக்கிற நேரம் பஸ். காலைல ஏற்காடு பஸ் ஏறினா அஸ்தம்பட்டி, அப்புறம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, 1935ல ஆரம்பிச்ச சினிமா ஸ்டுடியோ, கலைஞர் எல்லாம் வசனம் எழுதுன இடம், இப்ப முகப்பு வளைவு மட்டும் ரோட்டோரமா நிக்குது, தினமும் அதத் தாண்டுறப்ப ஒரு தடவ தலைய தூக்கிப் பாப்பேன், மறுபடி புத்தகம். அப்புறம் கோரிமேடு, அடிவாரம். அடிவாரம் வந்தா புத்தகத்த மூடிடணும். அங்க இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கும், மூணாவது வளைவுக்கு மேல எழுத்த பாத்தா தலை சுத்தும், வாந்தி வரும். ஆரம்பத்துல இந்த நேரம் வீணாப் போகுதேன்னு ரொம்ப வருத்தமா இருக்கும். இப்ப அந்த நேரத்துக்காகவே ஜன்னல் சீட்ட விட்டுட்டு நடுவுல உக்காருறேன், ஏன்னா அங்கதான் பேச்சு நல்லா கேக்கும்.

என்ன பேச்சுன்னா எல்லாம் சாதாரணப் பேச்சு தான். எஸ்டேட் வேலைக்குப் போறவங்க, டவுன்ல இருந்து மளிகை மூட்டையோட திரும்புற மலை கிராமத்து ஆளுங்க, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போறவங்க. ரெண்டு வருசம் முன்ன பங்குனி மாசம், பக்கத்து சீட்ல ஒரு அம்மா போன்ல மக கிட்ட பேசிட்டு வந்தாங்க, வளைவு வளைவுக்கு சிக்னல் போயிப் போயி வருது, சிக்னல் வர்றப்பல்லாம் விட்ட இடத்துல இருந்து பேசாம முதல்ல இருந்தே சொல்றாங்க, "காபி பூத்துருச்சு சாமி, நீ லீவு போட்டு வர்றதுக்குள்ள உதுந்துரும்." திருப்பூர்ல வேலை போல அந்தப் பொண்ணுக்கு. காபிப் பூவ பாத்தவங்களுக்குத் தெரியும், கோடைல ஒரு நல்ல மழை விழுந்து எட்டு பத்து நாள்ல காடே வெள்ளையாயிரும், மல்லிகை மாதிரி ஒரு வாசம், மூணு நாலு நாள்ல வாடி பழுப்பாயிரும். அந்த அம்மா அதே வரிய நாலு தடவ சொன்னாங்க, ஒவ்வொரு தடவயும் குரல் கொஞ்சம் தணிஞ்சுது, கடைசியா "சரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னு அவங்களே முடிச்சுட்டாங்க. என் ரெண்டாவது தொகுப்புல இருக்கிற நீளமான கதை இந்த நாலு வளைவுல கிடைச்சது தான். அன்னைக்கு நான் புத்தகத்துல முகத்த வெச்சிருந்தா அது போயிருக்கும், அதே சமயம் தறி வீட்ல ஒரே வரிய ரெண்டு தடவ கேட்டுப் பழகாம இருந்தா அந்த குரல் தணிஞ்சது என் காதுலயே விழுந்திருக்காது.

ஆபீஸ்லயும் படிக்க இருக்கு, கதைப் புத்தகம் இல்ல, மழை நோட்டு. எஸ்டேட்ல மழைமானி வெச்சு தினமும் காலைல அளவு எடுத்து எழுதணும். பூக்குறதுக்கு ஒரு மழை, பூத்த பின்னாடி காய் புடிக்க இன்னொரு மழை, ரெண்டாவது வராம போச்சுன்னா நவம்பர்ல இருந்து பழம் பறிக்கிறப்ப மூட்டை கணக்குலயே தெரியும். பழைய நோட்டெல்லாம் அலமாரில இருக்கு, எனக்கு முன்ன இருந்தவங்க கையெழுத்துல. பக்கம் முழுக்க நம்பரு தான், ஆனா ஒரு பக்கத்துல தேதிக்கு எதுக்க அளவு எழுதாம "ஆள் வரவில்லை"ன்னு மட்டும் இருக்கு, அடுத்த மூணு நாளும் அதே. யாரு வரல, ஏன் வரல, என்ன ஆச்சு? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பக்கத்த எத்தனையோ தடவ எடுத்துப் பாத்திருக்கேன், இன்னும் அத எழுதல, எழுதுவேன்.

புத்தகம் வாங்க காசு வேணுமேன்னு நெறைய பேரு சொல்றாங்க. எனக்கும் நெறைய வாங்க முடியாது, பெரும்பாலும் லைப்ரரி தான். தமிழ்நாட்டுல பொது நூலகச் சட்டம் வந்தது 1948ல, உங்க வீட்டு வரில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு சேத்து தான் வாங்குறாங்க, ரசீத எடுத்துப் பாருங்க. எங்க வீட்டு வரி ரொம்ப நாளா அம்மா பேர்ல தான் இருந்துச்சு. படிக்கத் தெரியாத அம்மா தறில சம்பாதிச்ச காசுல வருசா வருசம் அந்த வரிய கட்டிருக்காங்க, அந்த லைப்ரரில தான் நான் ரஷ்யக் கதைல இருந்து நம்ம ஊரு ஆளுங்க கதை வரைக்கும் எல்லாம் படிச்சேன். இத நெனைக்கிறப்பல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும். அந்த ரசீதுல ஒன்ன நோட்டுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கேன். உங்க ஏரியால கிளை நூலகம் இருந்தா தயவு செஞ்சு கார்டு எடுங்க, அது நீங்க ஏற்கனவே காசு குடுத்தது.

அளவு சொல்லணும்னா ஒரு நாளைக்கு பஸ்ல இருபது முப்பது பக்கம், அவ்வளவுதான். எழுதுறது ஞாயித்துக்கிழமை விடியக்காலைல, பொண்ணு எந்திரிக்கிறதுக்கு முன்ன. சாயங்காலம் இறங்குறப்ப அலுப்பா இருக்கும், தெரு முனைல பொண்ணுக்கு எங்க ஊரு தின்பண்டம் தட்டுவடை செட்டு ஒன்னு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து சமைச்சு முடிச்சா எட்டரை ஆயிரும். அதுக்கப்புறம் அம்மாவுக்கு அரை மணி நேரம் படிச்சுக் காட்டுறேன், இது மட்டும் எந்த நாளும் விடுறதில்ல. அவங்களுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், இத்தன வருசம் தறி சத்தத்துல இருந்த காது, அதனால இப்பவும் நான் சத்தமா தான் படிக்கணும், தறி இல்லாமலே. நான் எழுதுன கதையும் அவங்க கேக்காம வெளிய போறதில்ல. எங்கயாச்சும் அவங்க "ம்" சொல்றது நின்னுச்சுன்னா பென்சில்ல அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டு வெச்சுக்குவேன், மறுநாள் எடுத்துப் பாத்தா பத்துக்கு எட்டு தடவ அங்க நான் பாக்காத ஒன்ன எழுதிருப்பேன்.

அம்மா சாப்பிட்டு முடிச்சு கண்ணாடிய துடைச்சு என் பக்கத்துல வெச்சுட்டாங்க, அவங்களுக்கு இல்ல, எனக்கு. நேத்து நிறுத்துனது தபால்காரரு வந்து கதவ தட்டுற இடத்துல, லெட்டர் யாருகிட்ட இருந்துன்னு காலைல இருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. நான் போய் படிக்கிறேன், வேற ஏதாவது கேக்கணும்னா கீழ கேளுங்க, நாளைக்கு அடிவாரத்துக்கு முன்ன பாத்துட்டு பதில் போடுறேன்.